இலாகா இல்லாத ஞானத்தகப்பன்

பெத்ரோவ்ரிசி,
நவம்பர் 9

பிரியமுள்ள மச்சான் பெலோபிதாஸ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை எவந்தியாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாமே நலமாக இருக்கிறது. ஏதென்ஸ் காற்றில் உங்கள் இருமல் கூடியதா, குறைந்ததா என்று முதலில் எழுதுங்கள். மருந்துக்கடைக்காரன் கேட்கிறான் என்று நினைக்க வேண்டாம். தங்கை புருஷனாகவே கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புது மந்திரிசபைப் பட்டியலை வானொலியில் வாசிக்கப்போகிறார்கள் என்று ஊரே காப்பிக்கடையில் கூடிவிட்டது. வாசலில் பேண்டு வாத்தியக்காரர்கள் கொம்பைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். நிதி வாசித்தான், நீங்கள் இல்லை. பொதுப்பணியிலும் இல்லை. விவசாயம் என்றதும் மேயர் எழுந்தே நின்றுவிட்டார். அதுவும் எவனோ வடக்கத்தியான். எல்லாம் வாசித்து முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு, ஏதோ மறந்துபோனது நினைவுக்கு வந்தவன் போலச் சொன்னான்: “பெலோபிதாஸ் கர்தராஸ், இலாகா இல்லாத அமைச்சர்.”

உங்கள் பெயரைக் கேட்டதுமே பேண்டு முழங்க ஆரம்பித்துவிட்டது. பாதிப் பாட்டில் மேயர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இருங்கய்யா! கடைசியா என்ன சொன்னான்? எதுக்கு மந்திரியாம்?”

“எதுக்கும் இல்லீங்க.”

“எதுக்கும் இல்லாம எப்படிய்யா மந்திரி? டேய் ஸ்தமாத்திஸ், நீதானே படிச்சவன், உன் மச்சான்தானே, சொல்லு!”

கடைக்காரன் காப்பி ஊற்றுவதை நிறுத்திவிட்டான். அறுபது பேர் என் வாயையே பார்க்கிறார்கள். எனக்கு என்ன தெரியும்? டாக்டர் கிறுக்குவதைப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அறுபது பேர் பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கிற பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. “ஒரு இலாகாவுக்குள்ள அடைச்சு வைக்க முடியாத ஆளுய்யா அவரு. எல்லா இலாகாவையும் மேலேருந்து பாத்துக்குவாரு!” என்று அடித்துவிட்டேன். பேண்டு மறுபடியும் முழங்கியது.

அதன் பலனை மறுநாள் காலையே அனுபவித்தேன். கடை திறப்பதற்கு முன்பே வரிசை நிற்கிறது. ஒருவனுக்கு மகனை ரயில்வேயில் சேர்க்க வேண்டுமாம். இன்னொருத்தி வீட்டுக்குப் பாலம் வேண்டுமாம். எல்லா இலாகாவும் நீங்கள்தானே! ஒருத்தராவது ஓர் ஆஸ்பிரின் வாங்கியிருந்தால் மன்னித்திருப்பேன்.

மச்சான், நிஜமாகவே நீங்கள் என்ன மந்திரி? எனக்கு மட்டும் எழுதுங்கள். ‘எனக்கு மட்டும்’ என்று நான் எழுதியதை எட்டிப் பார்த்து உங்கள் தங்கை சிரிக்கிறாள். எதற்கென்று தெரியவில்லை.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க மறக்காதீர்கள்.

உங்கள்
ஸ்தமாத்திஸ்

*

ஏதென்ஸ்,
நவம்பர் 20

அன்புள்ள மாப்பிள்ளை ஸ்தமாத்திஸ்,

இருமல் அப்படியே இருக்கிறது. எவந்தியாவை மாடிப்படி ஏறவிடாதே.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ஊரில் சொல்லாதே. பாராளுமன்றத்தில் எங்கள் குழுவில் நாங்கள் நான்கு பேர். நால்வரும் எழுந்து போனால் இந்த அரசு விழுந்துவிடும். போகாமல் இருப்பதற்காக எங்களில் ஒருவரை உள்ளே இழுத்து உட்காரவைத்தார்கள். அந்த ஒருவர் நான். மந்திரிசபை மேசையில் கடைசி நாற்காலி, காப்பி கொண்டுவருகிறவர் நுழையும் கதவுக்குப் பக்கத்தில். மற்றவர்கள் பேசும்போது கேட்கிறேன். ஓட்டு வரும்போது கை தூக்குகிறேன். நம் ஊர்ச் சாலையைப் பற்றி ஒருநாள் வாய் திறந்தேன். பொதுப்பணி அமைச்சர், “நல்ல கருத்து” என்றார். அதோடு அது முடிந்தது. என் கையெழுத்துக்கு ஒரு தபால்காரரைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றுகிற சக்திகூடக் கிடையாது.

ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறை. உடையாத ஒன்றை எனக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். ஒரு தொலைபேசியும் உண்டு. இந்த அறையில் வேலை செய்வது அது ஒன்றுதான்.

ஊரில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? தொலைபேசி நிலையத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்ததே, மாற்றினார்களா? நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு, அதிலும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு, அந்தக் காற்று நல்லதில்லை.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

பெலோபிதாஸ்

*

பெத்ரோவ்ரிசி,
டிசம்பர் 6

பிரியமுள்ள மச்சான்,

முழங்கால் மழைக்குக் கொஞ்சம் முனகுகிறது, மற்றபடி சுகம். நீங்களும் சுகமென்று நம்பி எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு தபால்காரரைக்கூடவா? ஒரு முழு மந்திரி! யாரிடமும் சொல்லவில்லை. நாவிதரிடம் மட்டும் லேசாக. அவர் நம்பவில்லை. “மந்திரிக்கு அதிகாரம் இல்லாமலா? அடக்கத்துக்குச் சொல்றாருப்பா” என்றார். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. நீங்கள் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

‘கைக்குழந்தை வைத்திருப்பவர்கள்’ என்று பலர்போல எழுதியிருந்தீர்கள். நிலையத்தில் இருப்பது ஒரே ஆள், ஆர்கிரோ. குழந்தையும் ஒன்றுதான். போன வருஷம் அக்டோபரில் லாரியோடு பள்ளத்தில் விழுந்து செத்தானே ஃபோத்திஸ், அவன் மனைவி. அப்பன் செத்து மூன்றாம் மாசம் பிள்ளை பிறந்தது. ஜன்னலில் இன்னும் அட்டைதான் வைத்திருக்கிறது.

நிலையம் என்றதும் ஞாபகம் வருகிறது. வாரத்தில் நாலு தடவை கூப்பிடுகிறீர்கள். மணி அடித்ததும், கையில் இருக்கிற களிம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து எடுக்கிறேன். “அமைச்சர் லைன்ல இருக்கார்” என்கிறாள் ஆர்கிரோ. நீங்கள், “அங்க மழையா?” என்கிறீர்கள். ஆமாம் என்றால் வைத்துவிடுகிறீர்கள். அரசாங்கத்துக்கு வானிலை ஆபீஸ் கிடையாதா? அதிலும் என் கடைத் தொலைபேசி மணி அடிப்பதற்கு முன்னால் நிலையத்திலேயே கால்மணி நேரம் லைன் மாட்டிக்கொள்கிறதாம். கம்பி பழசு போலிருக்கிறது.

போகட்டும். மனு கொடுக்க வருகிறவர்களைச் சமாளிக்க எனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. வேலை கொடுக்க முடியாது, சாலை கொடுக்க முடியாது. ஞானஸ்நானம் கொடுக்கலாமே? ‘மந்திரி என் பிள்ளைக்கு ஞானத்தகப்பன்’ என்றால் எந்தக் குடும்பமும் மனு கொடுக்க வந்ததையே மறந்துவிடும். நீங்கள் வரமுடியாவிட்டால் உங்களுக்குப் பதிலாக நான் நின்று பிள்ளையைத் தூக்குகிறேன். பழைய எம்.பி. துராலிஸ் அப்படித்தானே நாற்பது வருஷம் ஜெயித்தார்.

அவர் கதி நமக்கு வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரே ஞானத்தகப்பன் கையால் எண்ணெய் பூசிக்கொண்ட பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை ஆகிவிடுகிறார்கள் என்று அவர் ஆண் பிள்ளைகளாகவே பார்த்துத் தூக்கினார். அதுவரை கெட்டிக்காரர். ஆனால் மனைவி போனபிறகு மறுமணத்துக்கு எந்த விதவையைக் கேட்டாலும் பாதிரியார் குறுக்கே வந்து, “அவ பிள்ளைக்கு நீதானேய்யா ஞானத்தகப்பன்? அவ உனக்குக் கூடப்பொறந்த மாதிரி. தலைகீழா நின்னாலும் நடக்காது” என்றார். ஜில்லா முழுக்கக் கூடப்பிறந்தவர்கள்! கடைசிவரை சமையல்காரன் கைச்சோறுதான். உங்களுக்கென்ன மச்சான், உங்கள் வீட்டம்மா காலமாகி எட்டு வருஷம் ஆகிறது, உங்களுக்கு அந்த எண்ணமே கிடையாது. தைரியமாக இறங்கலாம்.

சரி என்று ஒரு வரி எழுதுங்கள். கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஸ்தமாத்திஸ்

*

ஏதென்ஸ்,
டிசம்பர் 19

அன்புள்ள மாப்பிள்ளை,

நலம். எவந்தியாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன்.

ஞானஸ்நானத்துக்குச் சரி. ஆண் பிள்ளைகள் மட்டும். கிறிஸ்துமஸுக்கு வர நினைத்தேன், விடமாட்டேன் என்கிறார்கள். ஓட்டு வித்தியாசம் அவ்வளவு குறைவு. நான்கூட வேண்டாம், என் கை மட்டும் இங்கே இருந்தால் அவர்களுக்குப் போதும். கையை மட்டும் விட்டுவிட்டு வர முடியவில்லை.

இந்த அறைக்கு யாரும் வருவதில்லை. நாள் முழுக்க என்னிடம் யாரும் எதுவும் கேட்பதும் இல்லை. அப்படி இருக்கும்போது ஒரு மனிதக் குரல் “கொஞ்சம் இருங்க” என்று சொன்னாலே நன்றாக இருக்கிறது. வயதாகிறது போலிருக்கிறது.

ஃபோத்திஸின் வருஷத் திதிக்குப் போனாயா? அவர்கள் வீட்டில் இன்னும் கறுப்புத்தான் உடுத்துகிறார்களா?

ஒரு சொந்த விஷயம் இருக்கிறது. நம் ஊரில் ஒரு வீட்டுக்கு முறைப்படி கடிதம் எழுதிக் கேட்டேன். மிகுந்த சந்தோஷத்தோடு சம்மதம் என்று பதில் வந்திருக்கிறது. ஈஸ்டருக்கு வரும்போது நேரில் சொல்கிறேன். உன்னிடம் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் நீ மருந்துக்கடை வைத்திருக்கிறாய்.

பெலோபிதாஸ்

*

பெத்ரோவ்ரிசி,
ஜனவரி 27

பிரியமுள்ள மச்சான்,

புது வருஷம் ஊருக்கு இருமலோடும், எனக்கு அதனால் வியாபாரத்தோடும் பிறந்திருக்கிறது. சால்வையைத் தங்கை கழற்றவே மாட்டேன் என்கிறாள், அடுப்படியில்கூட.

மருந்துக்கடை வைத்திருக்கிறேன் என்று குத்தியதற்குப் பதில் சொல்லப்போவதில்லை. வீடு, முறைப்படி கடிதம், சம்மதம் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பாலத்தடி வீட்டை வாங்குகிறீர்கள்! உரிமையாளர் அசைந்து கொடுக்காத கிழவர், எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? யாரிடமும் சொல்லவில்லை.

ஞானஸ்நானங்கள் பிரமாதமாக நடக்கின்றன. இதுவரை பதினோரு பையன்கள் உங்கள் ஞானப்பிள்ளைகள். என் கோட்டில் எண்ணெய்க் கறை போகாது என்று வண்ணாத்தி கைவிரித்துவிட்டாள். சாத்தான்மேல் துப்பச் சொல்லும்போது நான் துப்புகிற விதத்தை ஊரே புகழ்கிறது.

இவற்றில் உங்களுக்குப் பிடித்தமானது ஒன்று உண்டு. போன வாரம் ஆர்கிரோ தானாகவே கடைக்கு வந்தாள். கூட்டம் போகிறவரை ஓரமாக நின்றாள்.

“ஸ்தமாத்திஸ் அண்ணே, பையனுக்கு ஒரு வயசு ஆகுது. இன்னும் பேர்கூட வைக்கலை.”

“அதுக்கென்னம்மா, யாரை மனசுல வச்சிருக்கே?”

“மந்திரி செய்வாரா?”

“செய்வாராவா? ஃபோத்திஸ் பிள்ளைக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்வாரு!”

“அப்ப இந்த ஞாயித்துக்கிழமையே வச்சுக்கலாம்ணே. அவரை ஒரு வார்த்தை கேக்கணுமா?”

எல்லா அதிகாரமும் கையில் உள்ள நான், நெஞ்சை நிமிர்த்தி, “கேக்க வேண்டியதே இல்லை” என்றேன்.

அவள் கொழுந்தன் லெஃப்தேரிஸ் எண்ணெய் விற்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தான். அவன் வந்தபிறகு வைத்துக்கொள்ளலாமே என்றேன். “இருக்கட்டும்ணே, வந்து தெரிஞ்சுக்கட்டும்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை தொட்டித் தண்ணீரில் பையன் போட்ட கூச்சலில் கோயில் புறாக்கள் பறந்தன. அப்பன் பெயரையே வைத்தோம், ஃபோத்திஸ். ஃபோத்திஸ் செத்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். படியிறங்கும்போது, “இனிமே அவரு எங்களுக்குக் கும்பாரோஸ். மறக்காம எழுதிடுங்கண்ணே” என்றாள். ஞானத்தகப்பனுக்கும் பெற்றவளுக்கும் உள்ள அந்த உறவுப்பெயரை என்ன அழுத்தமாகச் சொன்னாள் தெரியுமா!

நிலையத்துக்குப் புதுக் கண்ணாடியும் வந்துவிட்டது. அனுப்பியவர் பெயர் இல்லை. ஊரே தபால் இலாகாவைப் புகழ்கிறது, சரித்திரத்தில் முதல் தடவையாக.

பாராட்டி நாலு வரி எழுதுவீர்கள் என்று காத்திருக்கும்
ஸ்தமாத்திஸ்

*

தந்தி
ஏதென்ஸ், ஜனவரி 30

ஆர்கிரோ பிள்ளைக்கு நடக்கவில்லை என்று பதில் அனுப்பு. உடனே. கர்தராஸ்.

*

பெத்ரோவ்ரிசி,
பிப்ரவரி 16

மச்சான்,

நலம் விசாரிக்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்? இங்கே எனக்குத்தான் நலமில்லை.

உங்கள் தந்தியை வாங்கி எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? இந்த ஊரில் தந்தி வாங்குகிற கை ஒன்றுதான். தன் பிள்ளையைப் பற்றிய தந்தியைத் தானே எழுதி, தானே மடித்து, தானே கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். “பதில் எழுதுங்கண்ணே, அனுப்பிடறேன்” என்று பென்சிலை நீட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ‘நடந்துவிட்டது, பையன் சுகம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

அவள் போய் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, லெஃப்தேரிஸ் உள்ளே பாய்ந்தான்.

“யோவ் மருந்துக்கடை! எங்க குடும்பத்து வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேய்யா!”

“ஏன்டா, மந்திரியையே உங்களுக்குச் சொந்தமாக்கிக் குடுத்திருக்கேன்...”

“அவரு எங்க அண்ணியக் கல்யாணம் கட்டிக்கிறேன்னு எழுதியிருந்தாருய்யா! நவம்பர்லயே! நாங்க சரின்னு பதிலும் போட்டாச்சு! இப்ப பாதிரியார் என்ன சொல்றாரு தெரியுமா? கும்பாரோஸ் ஆயிட்டா கல்யாணம் கிடையாதாம், கூடப்பொறந்தவளாம்! போச்சு, சுங்கத்துல என் வேலையும் போச்சு!”

“சுங்க வேலையா? அவரு அப்படியா எழுதினாரு?”

“அதை எவன்யா எழுதுவான்? மந்திரி பொண்ணு கேட்டா நாமளா புரிஞ்சுக்கிறதில்லையா?”

கையில் இருமல் மருந்துப் புட்டி வைத்திருந்தேன். கீழே விழுந்து உடைந்த சத்தம் கேட்டபோதுதான் அது கையில் இல்லை என்பதே தெரிந்தது.

மச்சான், இந்த ஊரில் யாருக்கு மூலம், யாருக்குப் பல் செட்டு, எந்தக் கிழவர் எதற்கு ரகசியமாக டானிக் குடிக்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத ரகசியம் ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கிறது. அதன் தலையில் போய் நானே எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். மழையா என்று கேட்டீர்களே, கண்ணாடியைப் பற்றிக் கேட்டீர்களே! வீடு வாங்குகிறீர்கள் என்று நினைத்த என் மண்டையை எதில் முட்டிக்கொள்வது? எவந்தியா இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை. “எங்கண்ணனுக்கு எட்டு வருஷம் கழிச்சு ஒரு ஆசை வந்துச்சு, அதையும் நீ தண்ணியில முக்கிட்டே” என்று ஒரு தடவை சொன்னாள், அதோடு சரி.

சும்மா இருந்துவிடவில்லை நான். பஸ் பிடித்து பிஷப்பிடமே போனேன்.

“சாமி, பிள்ளையைத் தூக்கினது நான். எண்ணெய் பூசினது நான். துப்பினதும் நான்தான். அப்ப ஞானத்தகப்பன் நானா, அவரா? நான்னே வச்சுக்கங்க சாமி. எனக்கு ஏற்கெனவே கல்யாணமாயிடுச்சு, ஒரு நஷ்டமும் இல்லை.”

“யார் பேரைச் சொல்லிச் சாத்தானை விலக்கினே?”

“அவர் பேரை.”

“அப்ப அவர்தான். நீ வெறும் கை.”

கோயிலைத் தவிர வேறெங்கேயும் கல்யாணம் செய்துகொள்ள முடியாத நாட்டில், பிஷப் முடியாது என்றால் முடியாதுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். நானே வைத்திருக்கிற மாத்திரையை எடுத்துப்போக மறந்துவிட்டேன்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

ஸ்தமாத்திஸ்

*

பெத்ரோவ்ரிசி,
மார்ச் 14

பிரியமுள்ள மச்சான்,

ஒரு மாசமாகக் கடிதம் இல்லை. தொலைபேசி மணியும் அடிக்கவில்லை. பத்திரிகைப் படத்தில் மேசையின் கோடியில் பாதிக் காதும் தூக்கிய கையும் தெரிந்தன. “அண்ணன் கைதான்” என்று எவந்தியா என்னிடம் இல்லாமல் சுவரிடம் அடையாளம் சொன்னாள். உயிரோடு இருக்கிறீர்கள் என்று அந்த மட்டில் நிம்மதி.

இங்கே ஒரு மாற்றம். ஆர்கிரோ மாமியார் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டாள். நிலையத்துக்குப் பின்னால் உள்ள அறையில் பிள்ளையோடு இருக்கிறாள். லெஃப்தேரிஸ் தெருவில் நின்று கத்திவிட்டுப் போகிறான். அவள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள்.

நேற்று அவளிடம் மன்னிப்புக் கேட்கலாமென்று போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், “நீங்க எதுக்குண்ணே மன்னிப்புக் கேக்கறீங்க?” என்று ஒரு கடிதத்தைக் கொடுத்தாள். உங்களுக்கு. இத்தோடு வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. உறை ஓரம் கொஞ்சம் ஈரமாக இருந்தால் அது மழை. ஆவியில் உறையைப் பிரிக்க எடுத்த கெண்டியை எவந்தியா பிடுங்கிக்கொண்டுவிட்டாள்.

உங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும்
ஸ்தமாத்திஸ்

*

பெத்ரோவ்ரிசி,
மார்ச் 13

மதிப்புக்குரிய கும்பாரே,

உங்கள் ஞானப்பிள்ளை நன்றாக இருக்கிறான். மேலே இரண்டும் கீழே நான்குமாகப் பல் வந்துவிட்டது. உங்கள் இருமல் குறைந்திருக்குமென்று நினைக்கிறேன்.

ஸ்தமாத்திஸ் அண்ணன் மேல் கோபப்பட வேண்டாம். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். பாதிரியாரின் மனைவியிடம் நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மருந்துக்கடைக்குப் போனேன்.

உங்கள் கடிதம் என் கொழுந்தன் பெயருக்கு வந்தது. ஊர்த் தபாலும் எங்கள் நிலையத்துக்குத்தான் வருகிறது, பிரிக்கிற மேசையில் அந்த உறையை நான்தான் கையில் எடுத்தேன். உள்ளே இருப்பது நான் என்று அப்போது தெரியாது. சாப்பிடும்போது உரக்கப் படித்தார்கள். மாமியார் ஆனந்தத்தில் அழுதாள். கொழுந்தன் ஒயின் ஊற்றினான். நான் அங்கேதான் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகவே, “எனக்கு வேண்டாம்” என்றேன். “மந்திரிடீ!” என்றார்கள். மறுபடியும் வேண்டாம் என்றேன். “காது கேக்கலையா? மந்திரிடீ!” என்றார்கள். நீங்கள் விவசாயியாக இருந்திருந்தால் என் பேச்சு இரண்டாம் தடவையாவது காதில் விழுந்திருக்கும்.

வாரத்தில் நாலு தடவை லைனில் வந்தவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு அதிகாரமே இல்லை என்று தொலைபேசியில் அடிக்கடி சொல்வீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் அரசாங்க வேலைக்காரி, நீங்கள் அரசாங்கம். “கொஞ்சம் இருங்க, லைன் தர்றேன்” என்று உங்களிடம் சொன்னதை மாட்டு வியாபாரியிடமும் அதே குரலில்தான் சொல்கிறேன். அந்தக் குரலுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

நீங்கள் கெட்டவர் இல்லை. கண்ணாடி நீங்கள் அனுப்பியது என்று தெரியும். பார்சல் சீட்டு என் கைக்குத்தானே வந்தது. அதற்கு நன்றி. ஆனால் எனக்கு ஃபோத்திஸ் இருந்தான். இப்போது பையன் இருக்கிறான். வேறு யாரும் வேண்டாம்.

வேண்டாம் என்று நான் சொன்னால் கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள். கூடாது என்று கோயில் சொன்னால் வாயை மூடிக்கொள்வார்கள். இதைவிட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. பையனுக்கு நல்ல ஞானத்தகப்பன் வேண்டும் என்று நினைத்ததும் உண்மைதான்.

கடவுள் உங்களுக்கு நல்ல ஆரோக்கியம் கொடுக்கட்டும்.

ஆர்கிரோ

*

ஏதென்ஸ்,
ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளை ஸ்தமாத்திஸ்,

இருமல் நின்றுவிட்டது. எவந்தியாவை உன்னோடு பேசச் சொல். அண்ணன் சொன்னதாகச் சொல்.

நீ அனுப்பியதை மந்திரிசபைக் கூட்டத்தில் மேசைக்கு அடியில் வைத்துப் படித்தேன். கை தூக்க மறந்துவிட்டேன். பிரதமரிலிருந்து காப்பிக்காரர் வரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் அரசாங்கமே விழப்போகிறது என்று பயந்துவிட்டார்கள். பக்கத்திலிருந்தவர் என் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினார். எதற்கு ஓட்டுப் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

ஒரு தபால்காரரைக்கூட மாற்ற முடியாதவன் என்று உன்னிடம் எத்தனை புலம்பியிருக்கிறேன். நான் புலம்பிக்கொண்டிருந்த அதே வேளையில் ஒரு பெண் என்னிடமிருந்து தப்பிப்பதற்காகத் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடியிருக்கிறாள். அதை நினைக்கும்போதெல்லாம் அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். நல்லவேளை, அந்த ஒரு நாற்காலி உடையாதது. நான் யாரிடம் கேட்டேன் பார். கொழுந்தனிடம். அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சம்மதம் என்று வந்த பதிலை எத்தனையோ தடவை எடுத்துப் படித்தேன். அதில் அவள் பெயரே இல்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

போன வாரம் பிரதமர் கூப்பிட்டார். தபால் தந்தி இலாகா காலியாகிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்றார். நவம்பரில் கேட்டிருந்தால் மேசைமேல் ஏறி ஆடியிருப்பேன். வேண்டாம், இருக்கிற நாற்காலியே போதும் என்றேன். அவர் ஆடிப்போய்விட்டார். அவரிடம் இந்த வார்த்தையை யாரும் சொன்னது கிடையாதாம். “உடம்பு ஏதும் சரியில்லையா?” என்று கேட்டார். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. உனக்கும் எழுதவில்லை, நம் ஊர் நிலையம் எந்த இலாகாவுக்குக் கீழே இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

லெஃப்தேரிஸைப் பார்த்துச் சொல். அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று இனி அவன் ஒரு வார்த்தை கத்தக் கூடாது. கும்பாரோஸ் சொல்கிறான் என்று சொல். மந்திரி என்று சொல்லாதே.

ஈஸ்டருக்கு வருகிறேன். அந்த வாரம் ஓட்டெடுப்பு கிடையாது. ஞானப்பிள்ளைக்கு மெழுகுவர்த்தியும் புதுச் செருப்பும் கொண்டுவருவது என் கடமை. கடைக்காரர் அளவு கேட்கிறார், எனக்குத் தெரியவில்லை. பையனின் காலை ஒரு காகிதத்தில் வைத்து, சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. அவளுக்கு விருப்பமா என்று முதலில் கேட்டுக்கொள். பதிலைத் தபாலிலேயே போடு. தொலைபேசியில் கூப்பிட வேண்டாம்.

பெலோபிதாஸ்